மனிதன் போகாவிட்டால் ஆய்வு இல்லையா?

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் இன்றும் கேட்கும் வாதம் இது: 2007இல் நம் மலேசிய விண்வெளி வீரர் ஷேக் முஸாபர் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் போனாரே, அதுதான் விண்வெளிப் பயணம், வியாழனுக்கும் சனிக்கும் ஆளில்லாக் கலம் அனுப்பினால் மிஞ்சுவது வெறும் படம்.

1. தூரத்தைப் பாருங்கள். அவர் தங்கிய நிலையம் ஏறத்தாழ 350 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து பினாங்கு போகும் தொலைவு. ஆளில்லாக் கலமான வாயேஜர் 2 நெப்டியூனை எட்ட 12 ஆண்டுகள் ஆயின. அத்தனை காலத்துக்குச் சோறும் காற்றும் யார் சுமப்பது? திரும்புவது எப்படி?

2. வியாழனின் கதிர்வீச்சுக்கு அஞ்சி, அதைச் சுற்றும் ஜூனோ கலம் தன் மின்னணுக் கருவிகளையே டைட்டானியப் பெட்டகத்தில் பூட்டி வைத்திருக்கிறது. மனித உடல் தாங்குமா?

3. ‘வெறும் படம்’ என்பதுதான் பெரும்பிழை. 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது அந்த விண்மீனின் ஒளி விட்டுவிட்டு மங்கியது. தமிழ்நாட்டின் காவலூர் வானாய்வகத்தில் வானியலாளர்கள் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அதைப் பதிவுசெய்தார்கள். யுரேனஸின் வளையங்கள் உலகுக்குத் தெரியவந்தது அந்த மறைப்பில்தான். அரிய சாதனை, ஆனால் தரையிலிருந்து அதற்கு மேல் எவ்வளவு முடியும்? 1986இல் வாயேஜர் 2 அருகே போனதும் 10 புதிய நிலவுகள் கிடைத்தன. கோளின் சுழல் அச்சிலிருந்து வெகுவாகச் சாய்ந்த காந்தப்புலமும் தெரிந்தது. 2005இல் ஹைகன்ஸ் கலம் சனியின் நிலவான டைட்டனில் இறங்கி அதன் காற்றையே அளந்தது. காந்தப்புலத்தை எந்தப் படத்தில் பார்ப்பீர்கள்?