வாடும் பிள்ளையும் மருந்துச் சீட்டும்

 

தேர்வு முடிவுகள் வெளிவரும் காலங்களில் மத்ரஸாவைத் தேடி வரும் தாய்மார்களிடம் இருவகைக் கேள்விகள் இருக்கின்றன. "பிள்ளை சாப்பிடுவதில்லை, யாருடனும் பேசுவதில்லை, தண்ணீர் ஓதித் தாருங்கள், ஹஜ்ரத்" என்பது ஒன்று. "டாக்டர் மன அழுத்தம் என்று சொல்லி மாத்திரை எழுதிவிட்டார், பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இதைக் கொடுக்கலாமா?" என்பது மற்றொன்று. ஒருவர் மருந்தின் பக்கமே போக அஞ்சுகிறார். மற்றவர் கையில் மருந்தை வைத்துக்கொண்டு அஞ்சுகிறார். இருவருக்கும் பதில் கூறுவது இம்மாதம் நமது கடமையாகிறது.

இது நோய்தானா என்பதே முதற் கேள்வி. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16ஆம் ஆண்டுகளில், தமிழகம் உள்ளிட்ட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. 13 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளில் 7.3 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் குறைபாடு இருப்பதாக அது கண்டது. நாற்பது பேர் அமர்ந்திருக்கும் வகுப்பில் ஏறத்தாழ மூவர்! மனச்சோர்வு நோய் பிள்ளைகளிடம் எப்போதும் அழுகையாக வெளிப்படுவதில்லை. எரிச்சல், பள்ளிக்குச் செல்ல மறுத்தல், தூக்கம் கெடுதல், காரணம் புரியாத தலைவலி, வயிற்றுவலி, விருப்பமான விளையாட்டிலும் நாட்டமின்மை ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அதனை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிடலாகாது.

"தொழுகிற வீட்டில் இந்த நோய் வருமா? ஈமான் பலவீனம்தானே?" என்று கேட்போர் உண்டு. மகனைப் பிரிந்த கவலையால் நபி யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப்போனதைத் திருக்குர்ஆன் கூறுகிறதே! ஒரு நபியின் ஈமானைக் குறைகூற எவருக்குத் துணிவு வரும்? நோயுற்றால் மருத்துவம் செய்துகொள்ளுமாறு நம்மைப் பணித்தவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். அந்தப் போதனையில் வளர்ந்த அபூ ஸைத் அல்பல்கீ (850-934) என்னும் அறிஞர், உடல் நலத்தையும் உள்ள நலத்தையும் ஒரே நூலில் சேர்த்து எழுதினார். காரணம் தெரிந்த துயரம் வேறு, காரணம் தெரியாமல் உடலிலிருந்து எழும் துயரம் வேறு என்று பிரித்துக் காட்டினார். கெய்ரோவில் 1284-85இல் சுல்தான் கலாவூன் எழுப்பிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கென்றே தனிப் பகுதி இருந்தது.

அந்தச் சமுதாயத்தின் வழிவந்த நாம் எங்கே வந்து நின்றோம்? 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநோயாளர் காப்பகம் தீப்பற்றி எரிந்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டனர். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் குடும்பத்தார்தாம். மருத்துவமனைக்குச் செல்ல வெட்கப்பட்டதும் அதற்கு ஒரு காரணம். இன்று 2017ஆம் ஆண்டின் மனநல பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்திருக்கிறது. ஏர்வாடியிலேயே துஆவும் மருந்தும் கைகோக்கும் திட்டம் அரசின் துணையுடன் வந்தது. முத்துப்பேட்டைக்கும் நாகூருக்கும் பிள்ளையை அழைத்துச் செல்லும் பெற்றோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். ஓதிப் பார்ப்பதை நாம் மறுக்கவில்லை. அதைக் காரணம் காட்டி மருத்துவத்தைத் தள்ளிப்போடுவதையே மறுக்கிறோம்.

இனி மாத்திரை கையில் உள்ள தாய்க்கு வருவோம். சகோதரியே, உங்கள் அச்சம் அறியாமையன்று. நாற்றங்காலுக்குப் பாய்ச்சும் தண்ணீரின் அளவும் நடவு வயலுக்குப் பாய்ச்சும் அளவும் ஒன்றல்ல என்பது காவிரிக் கரையில் வாழும் நமக்குத் தெரியும். பெரியவர்களுக்குப் பயன்பட்ட மருந்துகள் பிள்ளைகளுக்கும் அப்படியே பயன்படும் என்று உலகம் ஒரு காலத்தில் நம்பியது. பராக்ஸடின் என்னும் மருந்து இளம்பருவத்தினருக்கு நன்மை தருவதாக 2001இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அதே ஆய்வின் தரவுகளை 2015இல் வேறு அறிஞர்கள் மீண்டும் ஆராய்ந்தபோது, நன்மை இல்லை, தீங்கே மிகுதி என்று கண்டனர். இதற்கிடையே 2003 டிசம்பரில் பிரிட்டன், பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் மனச்சோர்வுக்கு ஃபுளுவாக்ஸடின் தவிர இவ்வகையின் பிற மருந்துகள் பெரும்பாலும் ஏற்றவையல்ல என்று அறிவித்தது.

2004 அக்டோபரில் அமெரிக்க மருந்துத் துறை கடும் எச்சரிக்கை ஒன்றை வெளியிட்டது. 4,400க்கும் மேற்பட்ட பிள்ளைகள் பங்கேற்ற 24 ஆய்வுகளை அது அலசியது. வெற்று மாத்திரை உண்டவர்களில் நூற்றுக்கு இருவரிடம் தற்கொலை எண்ணமோ முயற்சியோ தோன்றியது. மருந்து உண்டவர்களில் நூற்றுக்கு நால்வரிடம் தோன்றியது. அந்த ஆய்வுகளில் எவரும் தற்கொலையால் இறக்கவில்லை. எனினும் அலட்சியம் செய்யத்தக்க செய்தியன்று அது.

மறுபக்கத்தையும் நீதியுடன் சொல்ல வேண்டும். அதே 2004இல் 12 முதல் 17 வயதுள்ள 439 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வில், பன்னிரண்டு வாரங்களில் வெற்று மாத்திரையால் 35 விழுக்காட்டினரும், உளவியல் ஆலோசனையால் 43 விழுக்காட்டினரும், ஃபுளுவாக்ஸடினால் 61 விழுக்காட்டினரும், மருந்தும் ஆலோசனையும் சேர்ந்தபோது 71 விழுக்காட்டினரும் தேறினர். மருந்து விஷமன்று, மருந்து மட்டுமே போதும் என்பதும் இல்லை.

ஆகவே மருத்துவரிடம் கேளுங்கள்: நோய் எவ்வளவு கடுமையானது? மருந்தில்லாமல் ஆலோசனையை முதலில் முயலலாமா? இந்த மருந்து இந்த வயதுக்கு ஆராயப்பட்டதா? அடுத்து எப்போது வர வேண்டும்? பிள்ளையோடு தனியே பேசாமல், ஐந்து நிமிடத்தில் சீட்டு எழுதப்பட்டால், மனநல மருத்துவர் ஒருவரின் கருத்தையும் பெறுங்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அதற்கெனத் துறை உண்டு. 14416 என்னும் டெலி மனஸ் இலவசத் தொலைபேசி 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம்.

மருந்து தொடங்கினால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். முதல் வாரங்களிலும் அளவு மாறும்போதும் பிள்ளையின் மீது கண் வையுங்கள். அமைதியின்மை, மிகுந்த கோபம், சாவு பற்றிய பேச்சு தோன்றினால் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். வயலுக்கு வைத்த பூச்சிமருந்தையும் வீட்டிலுள்ள மாத்திரைகளையும் பூட்டி வையுங்கள். சுகமாகிவிட்டது என்று திடீரென நிறுத்தாதீர்கள். படிப்படியாகக் குறைப்பதற்கும் மருத்துவரே வழிகாட்ட வேண்டும். பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் மருந்துக் கடையில் வாங்கிக்கொண்டே இருப்பதும் தவறு. ரமளானில் மருந்து நேரத்தை மாற்றலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள். நோன்பு நோயைக் கூட்டுமானால், பின்னர் களாச் செய்ய மார்க்கமே சலுகை அளித்திருக்கிறது.

பெண் பிள்ளையானால், "வெளியே தெரிந்தால் சம்பந்தம் கெடும்" என்று மறைக்கிறார்கள். மறைத்துவைத்த நோய் பிள்ளையையே கொண்டுபோய்விட்டால் யாருக்குச் சம்பந்தம் பேசுவது?

கடல் கடந்து உழைக்கும் சபுராளித் தகப்பன்மார்களே! மதிப்பெண் எவ்வளவு என்று கேட்கும் அந்தத் தொலைபேசியில், இரவில் தூங்கினாயா என்றும் ஒரு முறை கேளுங்கள். மத்ரஸாக்களில் பணிபுரியும் என் சக உஸ்தாதுமார்களே! ஓதிய தண்ணீரைக் கையில் கொடுக்கும்போதே, "டாக்டரிடமும் காட்டுங்கள், அம்மா" என்னும் ஒரு சொல்லையும் சேர்த்துக் கொடுங்கள். நம் வாயிலிருந்து வரும் அச்சொல்லுக்கு எத்தனையோ வீடுகளில் மதிப்பு உண்டு.

ஷிஃபா அளிப்பவன் அல்லாஹ். அதற்கான வழிகளைத் தேடுவது அடியார்களின் கடமை. நம் பிள்ளைகளின் உள்ளங்களுக்கு அவன் அமைதியை நல்குவானாக! ஆமீன்.