வெளியேற்ற வேண்டிய சொற்கள்

குடியிருப்போரை வலிந்து அகற்றுதலை ஆங்கிலர் ‘எவிக்ட்’ என்பர். முற்றும் வெல்லுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையினின்று பிறந்தது அச்சொல். வழக்கில் வென்று நிலத்தை மீட்டலே அதன் முற்பொருள். ஆளை அகற்றல் பின்னர்ப் படிந்தது. வென்றவனையே நோக்கும் அச்சொல்லைத் தமிழர் நாவிலும் ஏற்றி, ‘எவிக்சன் நோட்டீசு’ என்கின்றனர். தமிழ்ப்படுத்தினோம் என்போரோ ‘காலி செய்’ என்பர். ‘காலி’யும் அரபியினின்று உருது வழிப் புகுந்த சொல்லே!

சொற்கலப்பினும் பெருங்கேடு ஒன்று இங்குண்டு. ‘வீட்டைக் காலி செய்’ என்கையில் செயப்படுபொருள் வீடு. வெளியே தள்ளப்படும் மாந்தன் அத்தொடரில் இலன். ‘குடியினரை வெளியேற்று’ என்கையிலோ அவன் கண்முன் நிற்கின்றான். வெளியேறுதல் தன்வினை, வெளியேற்றுதல் பிறவினை. தானே போனானா, பிறரால் துரத்தப்பட்டானா என்பதை ஓர் ஒற்றே காட்டிவிடும். பெயர்தல், பெயர்த்தல், அகலுதல், அகற்றுதல் என எத்துணை இணைகள்! களையைப் பிடுங்குவர், கிழங்கைக் கெல்லுவர், பகையை விரட்டுவர். அகற்றப்படுவதற்கேற்ப வினையும் வேறு.

தமிழே ஆட்சிமொழியென 1956-இல் சட்டம் இயற்றப்பட்டது. அதன்பின்னும், கூரையிழக்கும் ஏழை தன்மேல் ஏவப்பட்ட ஆணையைப் பிறரிடம் காட்டிப் பொருள் கேட்பதா? ஆணையைத் தமிழில் எழுதுக. ‘வெளியேற்றுகிறோம்’ என்றே எழுதுக. செய்வோர் யார், படுவோர் யார் என்பது வெளிப்படட்டும்!