மிளகுக்கு ஏற்ற துணை

மேனாட்டுச் சமையல் நூல்கள் சிறுகனிகளைப் பற்றிப் பேசும்போது, எந்தக் கனிக்கு எந்தச் சுவை துணை நிற்கும் என்பதை விரிவாக எடுத்துரைப்பது வழக்கம். ஸ்ட்ரோபெரிக்குப் பாலாடை, ராஸ்பெரிக்குச் சாக்லேட்டு, புளூபெரிக்கு எலுமிச்சை என்று அவை இணை சேர்க்கும். மாத்தளை மாவட்டத்துக் குடும்பங்களுக்கும் அத்தகைய சிறுகனி ஒன்று உண்டு. உக்குவளைப் பக்கத்திலும் இரத்தோட்டைப் பக்கத்திலும் கிளிரிசீடியா மரத்தைப் பற்றி ஏறிய கொடிகளில் சரஞ்சரமாகத் தொங்கும் மிளகே அது. உலர்ந்து கறுத்துப் போத்தலுக்குள் வந்த பின்னரே அதனைப் பெரும்பாலோர் காண்பதால், அது ஒரு கனி என்பதே மறந்துபோகிறது. கனியென்று எண்ணிப் பார்ப்போமாயின், அதற்கு ஏற்ற துணைகள் யாவை என்பதும் எளிதில் விளங்கும்.

கடையில் விற்கும் பச்சை மிளகு, கறுப்பு மிளகு, வெள்ளை மிளகு ஆகிய மூன்றும் ஒரே கொடியின் கனிகளே. பறிக்கும் பருவமும் பதப்படுத்தும் முறையுமே அவற்றை வேறாக்குகின்றன. பூத்த சரம் முற்றுவதற்கு ஆறு முதல் எட்டு மாதங்கள் வரை ஆகும். முற்றுமுன் பறித்து உப்புநீரிலோ புளிப்பு நீரிலோ இட்டால் பச்சை மிளகு. நன்கு முற்றிச் சரத்தில் ஓரிரு மணிகள் மஞ்சளாகவோ சிவப்பாகவோ மாறத் தொடங்கும் வேளையில் பறித்து வெயிலில் உலர்த்தினால், தோலிலுள்ள நொதியின் செயலால் நிறம் மாறிக் கறுப்பு மிளகு ஆகிறது. பழுத்த மணிகளை ஒரு வாரத்துக்குக் குறையாமல் நீரில் ஊறவைத்து, தோலைத் தேய்த்து நீக்கி உலர்த்தினால் வெள்ளை மிளகு கிடைக்கும்.

மிளகின் குணங்கள் இரண்டு. ஒன்று மணம், மற்றொன்று காரம். மணத்தைத் தருவது எளிதில் ஆவியாகும் எண்ணெய். காரத்தைத் தருவது பைப்பரீன் என்னும் பொருள். 1819-ஆம் ஆண்டில் டென்மார்க்கு தேசத்து அறிஞர் ஏர்ஸ்டெட் என்பவர் இதனைப் பிரித்தெடுத்தார். பைப்பரீன் நீரில் எளிதிற் கரைவதில்லை, கொழுப்பில் நன்கு கரையும். மண எண்ணெயோ நெடுநேரம் கொதித்தால் ஆவியோடு போய்விடும். இவ்விரண்டு செய்திகளையும் மனத்தில் இருத்திக்கொண்டால், மிளகை எதனோடு சேர்ப்பது, எப்போது சேர்ப்பது என்னும் வினாக்களுக்கு விடை தானே கிடைக்கும்.

முதலாவது துணை புளிப்பு. நம் அயலவராகிய சிங்கள மக்களின் அம்புல் தியல் இதற்குத் தக்க சான்று. அரைக் கிலோ சூரை மீனுக்கு ஐந்தாறு சுளை கொறுக்காய்ப்புளி போதும். அதனை ஊறவைத்து, ஒரு மேசைக்கரண்டி மிளகு, உப்பு, உள்ளி ஆகியவற்றுடன் அரைத்து, ஒவ்வொரு துண்டிலும் நன்றாகப் பூசி, கறிவேப்பிலை இட்ட மண்சட்டியில் அடுக்கிச் சிறிது நீர் தெளித்து, நீர் வற்றும்வரை மெல்லிய தணலில் வைப்பார்கள். கொறுக்காய்ப்புளியின் கடும் புளிப்பு மீனைப் பழுதாகாமற் காக்கிறது. மிளகு அப்புளிப்பின் கூர்மையைத் தணித்துச் சுவைக்கு நிறைவு தருகிறது. குளிர்ப்பெட்டி அறியாத காலத்தில், கடலுக்குத் தொலைவான மலைநாட்டு வீடுகளுக்கு இவ்விணைப்பு பேருதவியாய் இருந்திருக்கும் அன்றோ?

இரண்டாவது துணை கொழுப்பு. வெண்பொங்கலுக்கு மிளகையும் சீரகத்தையும் நெய்யில் பொரித்து இடுவதன் காரணம் இப்போது புலப்படும். காரம் நெய்யில் இறங்கிச் சோறு முழுவதும் பரவுகிறது. தேங்காய்ப் பாலும் முட்டையும் இவ்வாறே மிளகோடு நன்கு பொருந்துவன. முதற்பாலை இறக்கும் தறுவாயில் ஊற்றும் கறிக்கு, இடித்த மிளகையும் அதே வேளையில் தூவினால் காரத்தோடு மணமும் தங்கும்.

மூன்றாவது துணை சீரகமும் மல்லியும். கோப்பித் தோட்டங்களை நாடி மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, மாத்தளை வழியாக நடந்தே மலையேறிய தமிழகத்து மக்கள் நன்கு அறிந்த கூட்டு இது. இரசத்துக்கு மிளகு இரண்டு பங்கும் சீரகம் ஒரு பங்கும் கொண்டு பரபரவென இடித்து, புளிக்கரைசல் கொதித்த பின்னர்ச் சேர்த்து, நுரை கூடியவுடன் இறக்குதல் வேண்டும். ஆங்கிலேயர் தம் மேசைக்குக் கொண்டுசென்று ‘முல்லிகாடானி’ எனப் பெயரிட்ட சூப்பின் மூலம் நம் மிளகுதண்ணீரே. யாழ்ப்பாணத்தில் பிள்ளை பெற்ற தாய்மாருக்கு ஆக்கும் சரக்குக் கறியிலும் மிளகு, சீரகம், மல்லி, மஞ்சள், உள்ளி ஆகியன ஒன்றுகூடுகின்றன.

மஞ்சளும் மிளகும் சேர்வது பற்றி ஆய்வாளரும் ஆராய்ந்துள்ளனர். பெங்களூர் ஆய்வாளர் 1998-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், மஞ்சளின் சாரமாகிய குர்க்குமின் 2 கிராமுடன் 20 மில்லிகிராம் பைப்பரீனைக் கொடுத்தபோது, உடல் ஏற்றுக்கொண்ட குர்க்குமினின் அளவு ஏறத்தாழ இருபது மடங்கு உயர்ந்தது. அது பிரித்தெடுத்த சாரங்களைக் கொண்டு செய்த சோதனை என்பதால், கறியை மருந்தாக எண்ணிவிடலாகாது. மிளகுச் சாரம் வேறு சில மருந்துகள் உடலிற் சேரும் அளவையும் மாற்றக்கூடியது. ஆகையால் அதனை மாத்திரையாக உட்கொள்ள விரும்புவோர் வைத்தியரைக் கேட்டே செய்க.

நான்காவது துணை இனிப்பு என்றால் சிலர் வியப்படைவர். பழுத்த அன்னாசித் துண்டின்மேல் உப்பும் புதிதாய் இடித்த மிளகும் தூவி உண்டு பாருங்கள். மிளகின் மண எண்ணெயில் எலுமிச்சைத் தோலை நினைவூட்டும் வாசனையும் கலந்திருப்பதால், புளிப்பும் இனிப்பும் கலந்த கனிகளுக்கு அது இசைவாகிறது. இத்தாலியரும் பிரெஞ்சுக்காரரும் சர்க்கரையிட்ட ஸ்ட்ரோபெரியில் சிட்டிகை மிளகு சேர்ப்பதுண்டு. நுவரெலியாவில் விளையும் ஸ்ட்ரோபெரியும் மாத்தளையில் விளையும் மிளகும் ஒரே கிண்ணத்திற் கூடுவதற்குத் தடை ஏதும் இல்லை.

மிளகின் வகையறிந்து துணை சேர்ப்பதும் அவசியம். பச்சை மிளகின் காரம் மென்மையானது. சரத்தோடு எலுமிச்சைச் சாற்றிலும் உப்பிலும் ஊறவைத்தால் தயிர்ச் சோற்றுக்கு உகந்த ஊறுகாய் ஆகும். வெள்ளை மிளகில் தோலோடு மணத்தின் பெரும்பகுதி போய்விடுவதால் காரமே மேலோங்கும். கரும்புள்ளி தெரியலாகாத உருளைக்கிழங்குப் பால்கறிக்கும் சூப்புக்கும் அது ஏற்றது. மிளகோடு மிகுதியாகச் சேர்க்கலாகாதது மிளகாயே. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கேயர் காலத்தில் நம் பகுதிகளுக்கு வந்த அது, மிளகின் பெயரையே தன் பெயரிற் கொண்டுள்ளது. சட்டியில் அளவுக்கு மிஞ்சினால் மிளகின் மணத்தையும் மறைத்துவிடுகிறது.

இனி, குடும்பத்தின் வருவாயைத் தொடும் செய்தி ஒன்றைக் கூற வேண்டும். திருட்டுக்கு அஞ்சியும், பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு உடனே பணம் வேண்டியும், மிளகை முற்றுமுன் பறித்துவிடுவோர் உளர். நன்கு முற்றிய பச்சை மிளகு 100 கிலோவை உலர்த்தினால் ஏறத்தாழ 33 கிலோ கறுப்பு மிளகு தேறும். பிஞ்சாய்ப் பறித்தால் உள்ளீடு நிரம்பாமையால் எடை வெகுவாகக் குறைந்துவிடும். மணி சுருங்கி இலேசாய்ப் போவதால் முற்றிய மிளகுக்குரிய விலையும் அதற்குக் கிடைப்பதில்லை. சாரம் வடிக்கும் ஆலைகள் அத்தகைய மிளகையும் வாங்குவது உண்மையே. ஆயினும் வீட்டுச் சமையலுக்கு நிறைந்த மணியே வேண்டும். அயலவர் ஒன்றுகூடிக் காவல் வைத்தேனும் இன்னும் சில வாரம் கொடியில் விட்டுவைப்பது இலாபமாகும். பறிக்கும் பருவத்தையும் உலர்த்தும் முறையையும் பற்றி ஐயமுடையோர், ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் மாத்தளையிலேயே இருப்பதை நினைவிற் கொள்க.

மாணவர்கள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு குவளை நீரில் ஒரு கரண்டி மிளகை இடுங்கள். நிறைந்த மணிகள் அடியில் தங்கும். சொத்தையானவையும், கலப்படமாகச் சேர்க்கும் பப்பாசி விதைகளும் மேலே மிதக்கும். தூளாக வாங்கும் மிளகில் இச்சோதனைக்கு இடமில்லை. கொடி வளர்க்கும் குடும்பங்கள் விளைச்சல் அனைத்தையும் விற்றுவிட்டுக் கடைத்தூளை வாங்குவதை விடுத்து, முற்றிய மணிகளில் ஓராண்டுக்கு வேண்டியதை முதலில் எடுத்து வைத்துக்கொள்வார்களாக. அதனைக் காற்றுப் புகாத போத்தலில் அடைத்து, சமைக்கும் வேளையில் வேண்டிய அளவு மட்டும் இடித்துக்கொண்டால், மேற்கூறிய துணைகள் ஒவ்வொன்றும் தன் பயனை முழுமையாய்த் தரும்.