மாவு கழன்ற வறுவல்

மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிறன்று குடும்பத்துடன் கடக்வாஸ்லா அணைக்கரைக்குச் சென்றிருந்தோம். கடைதோறும் சுட்ட சோளக்கதிரும் காந்தா பஜியும் மணத்தன. கடைக்காரர் நறுக்கிய வெங்காயத்தில் உப்பிட்டுப் பிசைந்து, அது விட்ட நீரிலேயே கடலைமாவைத் தூவினார். தனியே நீர் விடவில்லை. அன்று அதை வேடிக்கையாகப் பார்த்தோமேயன்றிப் பாடமாகக் கொள்ளவில்லை.

திரும்புகையில் இளைய மகன், "ஆச்சி செய்யும் கோழி வறுவல் வேண்டும்" என்றான். ஈராண்டுகளாகப் பாட்டியைக் காணாத பிள்ளை. அன்றிரவே முனைந்தோம்.

கழுவிய துண்டுகளை ஈரத்துடனே நீர்த்த மாவில் தோய்த்து, புகையும் எண்ணெயில் இட்டோம். மாவு வேறு, கோழி வேறாயிற்று. எண்ணெய் பொங்கி வழிந்து வாணலியிலும் தீப்பற்றியது. நாம் குவளை நீருடன் ஓடினோம். இல்லத்தாள் நம் கையைத் தட்டிவிட்டு, அடுப்பை அணைத்து, இட்லிப் பானை மூடியை வாணலிமேல் கவிழ்த்தாள். நீர் ஆவியாகுங்கால் ஏறத்தாழ 1,700 மடங்கு விரியுமாம். அக்குவளையைக் கவிழ்த்திருந்தால், எரியும் எண்ணெய் அருகில் நின்ற பிள்ளைமீதே தெறித்திருக்கும்.

மறுநாள் தொலைபேசியில் தாயாரிடம் சொன்னோம். "ஈரத்தோட போட்டா எண்ணெய் சும்மா இருக்குமா ராசா?" என்றார். அவர் கூறிய முறை இது: கோழியைச் சிறு துண்டுகளாக்கி, நீரை வடித்துத் துணியால் ஒற்றவேண்டும். இஞ்சி, பூண்டு, மிளகாய்த்தூள், உப்பு தடவி அரைமணி ஊறியபின், முதலில் வறண்ட அரிசிமாவில் புரட்டவேண்டும். பிறகு இரு பங்கு கடலைமாவும் ஒரு பங்கு அரிசிமாவும் சேர்த்து இட்லிமாவுப் பதத்தில் கரைத்துத் தோய்க்கவேண்டும். ஆட்டிறைச்சியாயின் மஞ்சளும் உப்புமிட்டு, நீர் சுண்டும்வரை வேகவைத்த பிறகே மாவு. ஒரு துளி மாவு எண்ணெயில் அமிழ்ந்து உடனே எழுந்தால் அது பதமான சூடு. ஒரு தடவைக்கு ஐந்து துண்டுகளே. மிகுந்தால் எண்ணெய் ஆறி, மாவு அதைக் குடித்துவிடும். பெரிய துண்டைப் பிளந்து நடுவே வெந்ததா எனப் பார்க்கவேண்டும்.

1965-ல் சென்னை புஹாரி உணவகத்தில் பிறந்ததாகச் சொல்லப்படும் 'சிக்கன் 65' இன்று எங்கும் கிடைக்கிறது. ஆயினும் ஓட்டலின் சிவப்புச் சாயம் நம் வீட்டு வறுவலுக்கு வேண்டியதில்லை.

அடுத்த ஞாயிறு மாவு கழலவில்லை. பையன் ஆறு துண்டுகள் தின்றபின், "ஆச்சி செய்வதுபோல் இல்லை" என்றான். தீபாவளிக்கு ஆச்சியை வரவழைக்கச் சீட்டுப் பதிந்துள்ளோம். இரயில்வே உத்தியோகம் பார்த்தும், காத்திருப்போர் பட்டியலில் 43-ஆம் இடம்.