தள்ளுபடி எண்ணெய் யாருக்கு?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. வேதியியல் மாணவன், நெய்வேலி)

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஆகவே வீட்டில் யாருக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு என் தலையில் விழும். மருந்துச் சீட்டு முதல் வங்கிக் கடிதம் வரை படித்துச் சொல்லிப் பழகிய எனக்கு, அப்பா கேட்ட ஒரு கேள்விக்கு மட்டும் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

அப்பா குட்டியானை ஓட்டுகிறார். மந்தாரக்குப்பத்திலிருந்து நகரியத்தின் வட்டங்களுக்குக் காய்கறி, சிமென்ட், வீடு மாறுவோரின் தட்டுமுட்டுச் சாமான் என்று எது கிடைத்தாலும் ஏற்றிச் செல்வார். நாளொன்றுக்குப் பத்து லிட்டர் டீசல் போடுவார். நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த 2023இல் ஒரு நாள், ருஷ்யாவிடமிருந்து இந்தியா மலிவு விலையில் கச்சா எண்ணெய் வாங்குகிறது என்ற செய்தியை அவருக்குப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டவர், "மலிவா வாங்குறாங்கன்னு நீ படிக்கிற. பங்க்ல போர்டு மாறலியேப்பா! அந்தத் தள்ளுபடி எங்க போச்சு?" என்றார்.

இந்தக் கட்டுரை அப்பாவுக்கு நான் தரும் தாமதமான பதில்.

தள்ளுபடி பிறந்த கதை

2022 பிப்ரவரி 24 அன்று ருஷ்யா உக்ரேன்மீது படையெடுத்தது. அமெரிக்கா மறுமாதமே ருஷ்ய எண்ணெயை வாங்குவதில்லை என்று அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம் அவ்வாண்டு டிசம்பர் 5 முதல் கடல் வழியே வரும் ருஷ்யக் கச்சா எண்ணெய்க்குக் கதவடைத்தது. வழக்கமாக வாங்கியவர்கள் விலகிக்கொண்டால் விற்பவன் என்ன செய்வான்? சந்தை கலையும் நேரத்தில் தக்காளிக்காரர் கூடையோடு விலை பேசுவதைப் போல, ருஷ்யா விலையைக் குறைத்தது. 2022இல் ஒரு கட்டத்தில் பீப்பாய்க்கு 30 டாலர் வரை தள்ளுபடி இருந்தது. பிறகு வாங்குவோர் கூடக் கூட அது சில டாலர்களாகச் சுருங்கியது.

போருக்கு முன் நம் கச்சா எண்ணெய் இறக்குமதியில் ருஷ்யாவின் பங்கு 2 விழுக்காடுகூட இல்லை. 2023-24இல் அது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆகிவிட்டது. நமக்குத் தேவையான எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வாங்கும் நாடு நாம் என்பதை நினைத்தால் இந்த மாற்றத்தின் அளவு விளங்கும்.

கப்பலும் காப்பீடும் காசும்

மேலைநாடுகள் ருஷ்ய எண்ணெயை அடியோடு நிறுத்த விரும்பவில்லை. அது நின்றால் உலகெங்கும் விலை ஏறும். அவர்கள் ஊரிலும் ஏறும். ஆகவே எண்ணெய் ஓடட்டும், வருமானம் மட்டும் குறையட்டும் என்று ஒரு வழி கண்டார்கள். பீப்பாய்க்கு 60 டாலருக்கு மேல் விலை போட்டால் எங்கள் கப்பலும் கிடையாது, காப்பீடும் கிடையாது என்றார்கள். உலகக் கடல்களில் ஓடும் கப்பல் எடையில் சுமார் 90 விழுக்காட்டுக்குக் காப்பீடு தருவது பன்னிரண்டு சங்கங்கள் சேர்ந்த ஒரே கூட்டமைப்பு. அதன் பிடி மேலைநாடுகளின் கையில். இந்த 60 டாலர் உச்சவரம்பை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பரில் 47.60 டாலராகக் குறைத்தது.

இதைத் தாண்ட ஒரு நிழல் கப்பல் படை எழுந்தது. ஓய்வு பெற வேண்டிய பழைய கப்பல்கள் கைமாறின. கொடி மாறியது; பெயர் மாறியது; கப்பல் எங்கே நிற்கிறது என்று காட்டும் கருவி இடையிடையே அணைக்கப்பட்டது. ஈரானின் எண்ணெய் மலேசியாவுக்குக் கிழக்கே நடுக்கடலில் ஒரு கப்பலிலிருந்து மற்றொரு கப்பலுக்கு ஊற்றப்பட்டுச் சீனாவுக்குப் போனது. அங்கே அது 'மலேசிய எண்ணெய்' ஆயிற்று! மலேசியா தோண்டி எடுப்பதைக் காட்டிலும் அதன் பெயரில் இறங்கியது அதிகம் என்பதே சாட்சி.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் பின்னக் காய்ச்சி வடித்தல் சோதனை செய்கிறோம். கலவை எந்த ஊரிலிருந்து வந்தது என்று குடுவை கேட்பதில்லை. கொதிநிலையை மட்டுமே பார்க்கிறது. சுத்திகரிப்பு ஆலையின் கோபுரமும் அப்படித்தான். ஆனால் விபத்து என்று வந்தால் கப்பல் யாருடையது, காப்பீடு யாருடையது என்ற கேள்வி வந்தே தீரும். 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது இளைஞர்களும் மீனவர்களும் வாளியால் அள்ளிய காட்சியை நாம் மறந்துவிட முடியுமா? சரியான காப்பீடு இல்லாத கப்பல் ஒன்று நம் கரையோரம் உடைந்தால் இழப்பீட்டை யாரிடம் கேட்பது?

பணம் கொடுப்பதும் எளிதாக இல்லை. டாலர் வழி அடைபட்டதால் ரூபாயில் வணிகம் செய்ய ரிசர்வ் வங்கி 2022 ஜூலையில் வழி திறந்தது. நாம் ருஷ்யாவிடம் வாங்குவது மலை, விற்பது மடு. தங்களிடம் குவிந்த ரூபாயைச் செலவழிக்க வழியில்லை என்று ருஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ் 2023 மே மாதம் கோவாவில் வெளிப்படையாகவே சொன்னார். பிறகு பெரும்பங்கு அமீரகத்தின் திர்ஹாம் நாணயத்தில் நடந்தது.

நமக்கு இது புதிதன்று

இந்த வணிகத்தை நேற்று முளைத்ததாக நினைப்பவர்கள் நம் வரலாற்றைப் புரட்ட வேண்டும். 1960இல் சோவியத் நாடு மலிவு விலையில் கச்சா எண்ணெய் தர முன்வந்தது. அன்று இந்தியாவில் சுத்திகரிப்பு ஆலை வைத்திருந்த பர்மா ஷெல், கால்டெக்ஸ் முதலிய வெளிநாட்டுக் கம்பெனிகள் அதைத் தொட மறுத்துவிட்டன. எண்ணெய் அமைச்சர் கே.டி.மாளவியா விடவில்லை. சோவியத் எண்ணெய் கிடைக்கும் என்ற பேச்சு வந்த பிறகே, அதுவரை விலையில் இறங்காத கம்பெனிகள் தாங்களாகவே தள்ளுபடி தந்தன. வேறு கடை இருக்கிறது என்று தெரிந்தால்தான் கடைக்காரர் இறங்கி வருவார்!

நெய்வேலியில் வாழும் நமக்குச் சோவியத் உதவியைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் முதல் அனல்மின் நிலையம் அந்த உதவியால் எழுந்து 1962இல் மின்சாரம் தரத் தொடங்கியது. 600 மெகாவாட் வரை வளர்ந்து, அறுபதாண்டுகளை நெருங்கி உழைத்து, 2020 செப்டம்பரில் ஓய்வு பெற்றது. அந்த நட்பின் வெளிச்சத்தில் படித்த தலைமுறைகள் இந்த ஊரில் உண்டு.

மணலியைப் பாருங்கள். 1965இல் 'மதராஸ் ரிபைனரீஸ்' என்ற பெயரில் தொடங்கிய நிறுவனத்துக்கு ஈரானின் தேசிய எண்ணெய்க் கம்பெனியும் அமெரிக்காவின் அமோகோ கம்பெனியும் பங்காளிகள். ஈரானும் அமெரிக்காவும் ஒரே பந்தியில் அமர்ந்த காலம் அது! அரை நூற்றாண்டுக்குள் எல்லாம் தலைகீழாயிற்று. 2012இல் ஈரான்மீது தடை இறுகியபோது எண்ணெய்ப் பணத்தில் 45 விழுக்காட்டை யூகோ வங்கியில் ரூபாயாகச் செலுத்தினோம். ஈரான் அந்த ரூபாயில் நம்மிடம் அரிசியும் பிற சரக்கும் வாங்கியது. ஆனால் அமெரிக்கா கொடுத்திருந்த விலக்கு முடிந்ததும், 2019 மே மாதத்தோடு ஈரான் எண்ணெயை நிறுத்திவிட்டோம். நட்பும் பகையும் மாறிக்கொண்டே இருக்கின்றன; அடுப்பெரிய எண்ணெய் தேவைப்படுவது மட்டும் மாறுவதில்லை.

வாங்கியது தவறா?

தவறில்லை என்பதே என் கருத்து. ருஷ்யாவின் எண்ணெய்க்கு ஐக்கிய நாடுகள் சபை தடை விதிக்கவில்லை. இந்தியா விரும்பிய அளவு வாங்கலாம் என்று அமெரிக்க நிதியமைச்சராக இருந்த ஜேனட் எல்லனே 2022 நவம்பரில் சொன்னார். நாம் வாங்காதிருந்தால் உலக விலை இன்னும் ஏறி ஏழை நாடுகள் தவித்திருக்கும் என்ற வாதத்திலும் உண்மை இருக்கிறது.

எனினும் இதைப் பெருமையாகப் பேசுவதற்கும் எனக்கு மனம் இல்லை. அந்தத் தள்ளுபடி வானத்திலிருந்து விழவில்லை. உக்ரேனில் வீடிழந்தவர்களின் கண்ணீரிலிருந்து பிறந்தது. அந்த விலையை வேறு யாரோ கொடுத்திருக்கும்போது, கிடைத்த மிச்சம் உண்மையிலேயே தேவைப்பட்டவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்றாவது கேட்க வேண்டாமா?

அப்பாவின் கணக்கு

ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். தள்ளுபடி பத்து டாலர் என்று வைத்துக்கொள்வோம். 2023இல் டாலர் சுமார் 82 ரூபாய். அப்படியானால் லிட்டருக்கு ஐந்து ரூபாய்ச் சொச்சம் மிச்சம். ஆனால் நாம் வாங்கியதில் மூன்றில் ஒரு பங்குதான் ருஷ்ய எண்ணெய். எல்லா லிட்டருக்கும் பங்கிட்டால் ஏறத்தாழ ஒன்றே முக்கால் ரூபாய். அப்பாவின் பத்து லிட்டருக்குப் பதினேழு ரூபாய். ஒரு டீ, ஒரு வடை. மேடைகளில் முழங்கும் அளவுக்கு அது பெரிய தொகை இல்லை. ஆனால் அந்த டீயும் வடையும்கூட அவருக்கு வரவில்லை.

சென்னையில் டீசல் விலை 2022 மே மாதம் முதல் 2024 மார்ச் வரை 94 ரூபாய்ச் சொச்சத்திலேயே அசையாமல் நின்றது. அந்த மார்ச்சில், நாடாளுமன்றத் தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன், இரண்டு ரூபாய் குறைந்தது. அரசு எண்ணெய்க் கம்பெனிகளுக்கு நியாயம் சொல்ல வேண்டுமானால், 2022இல் உலக விலை நூறு டாலரைத் தாண்டியபோது அவை முழு அளவுக்கு விலை ஏற்றாமல் நட்டத்தைத் தாங்கின. அந்த வகையில் அப்பாவும் காப்பாற்றப்பட்டார். ஆனால் 2023-24இல் மூன்று அரசு எண்ணெய்க் கம்பெனிகளும் சேர்ந்து ஈட்டிய இலாபம் சுமார் 81,000 கோடி ரூபாய்! நட்டத்தில் நம் பெயரைச் சொன்னவர்கள் இலாபத்தில் சொல்ல மறந்தது ஏன்?

2025 ஏப்ரலில் கச்சா எண்ணெய் விலை இறங்கியபோது மத்திய அரசு கலால் வரியை லிட்டருக்கு இரண்டு ரூபாய் உயர்த்தி அந்த இறக்கத்தை எடுத்துக்கொண்டது. குஜராத்தின் ஜாம்நகரிலும் வாடினாரிலும் உள்ள தனியார் ஆலைகள் ருஷ்ய எண்ணெயைச் சுத்திகரித்து டீசலாக்கி வெளிநாடுகளுக்கும் விற்றன. வாங்கியவர்களில் ஐரோப்பியரும் உண்டு! முன்வாசலில் மறுத்த எண்ணெயைக் கொல்லைப்புறமாக வாங்கிய அந்த வேடிக்கைக்கு முடிவு கட்டும் தடையை ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூலையில்தான் அறிவித்தது.

அக்காவின் கணக்கு

என் அக்கா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறாள். என் கல்லூரிக் கட்டணமும் பேருந்துச் செலவும் அவள் அனுப்பும் பணம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள்மீது முதலில் 25 விழுக்காடு வரி போட்டது. பிறகு, ருஷ்ய எண்ணெய் வாங்குவதற்குத் தண்டனை என்று சொல்லி, அம்மாதம் 27 முதல் இன்னுமொரு 25 விழுக்காடு போட்டது. திருப்பூர் ஏற்றுமதியில் ஏறத்தாழ 30 விழுக்காடு அமெரிக்காவுக்குப் போவது. ஆர்டர்கள் நின்றன.

அதுவரை ஒன்றரை ஷிப்ட் பார்த்த அக்காவுக்கு ஒரு ஷிப்ட்தான் கிடைத்தது. அரை ஷிப்ட் கூலி இருநூறு ரூபாய். "கப்பலும் தெரியாது, எண்ணெயும் தெரியாது, எனக்கு எதுக்குடா தண்டனை?" என்று போனில் கேட்டாள். அப்பாவின் கேள்வியைவிட இது எனக்குக் கனமாக இருந்தது.

எங்கள் வீட்டுக் கணக்கு இதுதான்: அப்பாவுக்கு வர வேண்டிய பதினேழு ரூபாய் வரவில்லை, அக்காவுக்கு வந்துகொண்டிருந்த இருநூறு ரூபாய் நின்றது. தள்ளுபடி ஒரு திசையில் போயிற்று. தண்டனை வேறொரு திசையில் வந்து இறங்கிற்று. நாட்டின் துணிவுக்கான விலையை ஒரு தையல் இயந்திரத்தின்முன் அமர்ந்த பெண் கட்டினாள்.

வேண்டுவது என்ன?

பணிந்து போங்கள் என்று நான் சொல்லவில்லை. எவரிடம் வாங்குவது என்று முடிவு செய்யும் உரிமை நம்முடையதே. ஆனால் உரிமையின் பெயரால் வரும் வரவும் செலவும் ஒரே ஏட்டில் எழுதப்பட வேண்டும். தடைக்குட்பட்ட எண்ணெயால் எவ்வளவு மிச்சமானது, அதில் கம்பெனிகளுக்கு எவ்வளவு, அரசுக்கு எவ்வளவு, மக்களுக்கு எவ்வளவு என்று ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் கணக்கு வைக்க வேண்டும். அந்த மிச்சத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, பழிவாங்கும் வரியால் வேலை இழக்கும் தொழிலாளர்களுக்கு இழந்த ஷிப்டுக் கூலியை ஈடு செய்ய வேண்டும். பொருளை ஈட்டுவதோடு அதை முறையாகப் பங்கிடுவதும் அரசின் திறமை என்று வள்ளுவர் சொல்லவில்லையா?

நெய்வேலியில் பிறந்தவர்களுக்கு இது புரியாமல் போகாது. இங்கே தோண்டிய நிலக்கரி தென்மாநிலங்கள் பலவற்றின் விளக்கை எரியவைக்கிறது. அதற்காக நிலத்தை விட்டுக்கொடுத்தவர்கள் சுற்றூர் மக்கள். ஓரிடத்து வெளிச்சத்துக்கு வேறோர் இடம் விலை கொடுக்கிறது என்பது நாம் அன்றாடம் கண்ணால் காணும் பாடம்.

அப்பா! தள்ளுபடி எங்கே போயிற்று என்று கேட்டீர்களே, நானறிந்தவரை சொல்லிவிட்டேன். முழுக் கணக்கையும் காட்ட வேண்டியவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்கத்தான் நீங்களும் அக்காவும் என்னைப் படிக்க வைக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.