முங்கத் தெரிந்தால் போதுமா... மேலே வரத் தெரிய வேண்டாமா?

மாட்டுத்தாவணியில் ராமேஸ்வரம் பஸ்ஸுக்கு எந்த நேரமும் கூட்டம்தான். தீர்த்தமாட, தர்ப்பணம் கொடுக்க, தனுஷ்கோடியில் செல்ஃபி எடுக்க என்று ஆளுக்கொரு காரணம். இப்போது ரீல்ஸ் பார்த்துவிட்டு, ‘நாமளும் ஸ்கூபா டைவிங் போவோமா?’ என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவராவது கேட்டுவிடுகிறார். அவர்களுக்காகத்தான் இந்த வாரக் கட்டுரை.

எங்கே போகலாம்?

பவளப்பாறை என்றதும் மதுரைக்காரர்களுக்கு ஞாபகம் வருவது மன்னார் வளைகுடா. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். பாதுகாக்கப்பட்ட பகுதி என்பதால் நினைத்தவுடன் படகு பிடித்துத் தீவுக்குப் போய் இறங்க முடியாது. ‘நான் கூட்டிட்டுப் போறேன்’ என்று கரையில் யாராவது சொன்னால், வனத்துறை அனுமதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

முறையான பயிற்சியோடு டைவிங் அழைத்துச் செல்லும் இடங்களில் நமக்குப் பக்கம் என்றால் புதுச்சேரியும் கேரளத்தின் கோவளமும். கொஞ்சம் தள்ளிப் போனால் கர்நாடகத்தில் முருடேஸ்வர் அருகே நேத்ராணி தீவு. விமானச் செலவுக்குத் தயார் என்றால் அந்தமானின் ஹேவ்லாக். நவம்பர், டிசம்பர் மழையில் புதுச்சேரி கடல் கலங்கிக் கிடக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை நேத்ராணி பக்கம் அலை சீறும். தேதி குறிக்கும் முன் பருவமழையைப் பாருங்கள்.

நீச்சல் தெரியாதே!

பலரும் முதலில் கேட்பது இதைத்தான். முதல் முறை அனுபவத்துக்காகச் செய்யும் டைவிங்குக்குப் பெரும்பாலான இடங்களில் நீச்சல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பயிற்றுநர் உங்களைப் பிடித்துக்கொண்டே வருவார். 12 மீட்டருக்குக் கீழே போக மாட்டார்கள். பொதுவாக 10 வயது நிரம்பியவர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். சான்றிதழ் வாங்கி, துணையோடு தனியாக டைவ் செய்ய நினைப்பவர்களுக்குத்தான் நீச்சல் கட்டாயம்.

உண்மையில் எச்சரிக்கை தேவைப்படுவது நீச்சல் தெரிந்தவர்களுக்கு. கிராமத்துக் கிணற்றில் மூச்சைப் பிடித்து முங்கி, அடியில் கிடக்கும் கல்லை எடுத்து வந்து கெத்து காட்டியவர்கள் நம் ஊரில் ஏராளம். அந்தப் பழக்கம்தான் ஸ்கூபாவில் ஆபத்து.

ஏன்? 10 மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தமும் சேர்ந்து, கரையில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு அழுத்தம். அங்கே சிலிண்டரிலிருந்து நுரையீரல் நிறைய மூச்சை இழுத்து, அதைப் பிடித்துக்கொண்டே மேலே வந்தால், உள்ளே இருக்கும் காற்று இரண்டு மடங்காக விரியும். நுரையீரல் கிழிந்துவிடலாம். கிணற்றில் முங்குபவர் கரையில் இழுத்த மூச்சோடு போய், அதே மூச்சோடு திரும்புவதால் அவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. அதனால்தான் ஸ்கூபா வகுப்பின் முதல் பாடமே ‘மூச்சை அடக்காதே’.

இன்னொன்று, அந்தச் சிலிண்டரில் இருப்பது வெறும் ஆக்ஸிஜன் இல்லை. நாம் சுவாசிக்கும் அதே காற்றுதான், அழுத்தி அடைத்தது. ஆழத்தில் இருக்கும்போது அதிலுள்ள நைட்ரஜன் ரத்தத்தில் கரையும். மெதுவாக மேலே வந்தால் மூச்சுவழியே வெளியேறிவிடும். அவசரமாக வந்தால் சோடா பாட்டிலைத் திறந்ததுபோல உடம்புக்குள் குமிழி கிளம்பும். மூட்டுவலியில் தொடங்கி, கை கால் முடங்கிப் போவது வரை அதன் விளைவுகள். ஆழமான டைவ் முடிந்து திரும்பும்போது, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிறுத்திவைப்பது இதற்காகத்தான்.

மச்சான் பிடித்த கயிறு

முத்துக்குளித்த காலத்தில் தூத்துக்குடியில் குளியாள் கல்லைக் கட்டிய கயிற்றோடு இறங்குவார். மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். அந்தப் பொறுப்பை மச்சானிடம்தான் கொடுப்பார்கள், தங்கை வாழ்க்கையை நினைத்தாவது கயிற்றை விடமாட்டார் என்று கடற்கரையில் சொல்வதுண்டு. ஸ்கூபாவில் ஒவ்வொருவருக்கும் ஒரு துணை உண்டு. ஒருவர் சிலிண்டரில் காற்று தீர்ந்தால் மற்றவர் தன்னுடையதைப் பகிர்வார். இந்தக் காலத்து மச்சான் அவர்தான்!

அதே கடலில் சங்கு குளிக்கும் தொழிலாளர்கள் படகிலுள்ள கம்ப்ரஸரிலிருந்து வரும் குழாயை வாயில் வைத்துக்கொண்டு இறங்குகிறார்கள். ஒரு மணி நேரப் பொழுதுபோக்குக்கு நமக்குக் கிடைக்கும் பயிற்சியும் கருவிகளும், அதையே பிழைப்பாக வைத்திருக்கும் பலருக்குக் கிடைப்பதில்லை. கடலுக்குள் போய் வந்த பிறகு அவர்களையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

படிவத்தில் பொய் வேண்டாம்

டைவிங்குக்கு முன் உடல்நலப் படிவம் ஒன்று தருவார்கள். ஆஸ்துமா, இதயக் கோளாறு, வலிப்பு, காது ஆபரேஷன், கர்ப்பம் என்று கேள்விகள் இருக்கும். ‘இவ்வளவு தூரம் வந்துட்டோம், இல்லைன்னு டிக் அடிச்சிடு’ என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வார். கேட்காதீர்கள். கரையில் அடங்கியிருக்கும் ஆஸ்துமா தண்ணீருக்கடியில் உயிருக்கு உலை வைத்துவிடும். சந்தேகம் இருந்தால் ஊரிலேயே மருத்துவரைப் பார்த்து, கடிதம் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். சளி பிடித்திருந்தாலும் அன்றைக்கு வேண்டாம். காது அடைத்துக்கொண்டு வலி உயிர் போகும்.

அனுபவசாலிகளுக்கு...

கையில் கார்டு இருக்கிறதா? அடிப்படைச் சான்றிதழுக்கு 18 மீட்டர், அடுத்த கட்டத்துக்கு 30, பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லையே 40 மீட்டர். மட்டக்களப்பு கடலில், 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ‘ஹெர்மிஸ்’ போர்க்கப்பல் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. ஆசை வரும்தான். ஆனால், அது தனிப் பயிற்சி பெற்றவர்களுக்கானது. திருகோணமலையில் புறாத் தீவைச் சுற்றிய பவளப்பாறைகள், மே முதல் செப்டம்பர் வரை உங்களுக்குப் போதும். ஒரு வருடமாகக் கடலில் இறங்கவில்லை என்றால் முதலில் நீச்சல் குளத்தில் ஒரு மீள்பயிற்சி.

அப்படியே கொடைக்கானலா?

டைவிங் முடிந்த அன்றே விமானம் ஏறக் கூடாது. ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இது மலைக்கும் பொருந்தும். கொடைக்கானல் 2,000 மீட்டருக்கும் மேல். காலையில் கடல், ராத்திரி கொடை ரோடு என்று பிளான் போட்டால் அதை மாற்றுங்கள். ஒரு நாள் மதுரையில் தங்கி, மீனாட்சியம்மனைப் பார்த்து, ஜிகர்தண்டா குடித்துவிட்டுப் போகலாமே!

பணம் கட்டும் முன் நான்கு கேள்விகள்: பயிற்றுநரின் சான்றிதழ் எங்கே? ஒருவர் எத்தனை பேரைக் கவனிப்பார்? படகில் அவசர ஆக்ஸிஜன் இருக்கிறதா? கடல் சரியில்லை என்றால் பணம் திரும்பக் கிடைக்குமா? பதிலில் தயக்கம் தெரிந்தால் திரும்பி வந்துவிடுங்கள். கடல் எங்கேயும் போய்விடாது.