சென்டம் எடுத்தால்தான் ரோபோவா?

பள்ளி திறந்த கையோடு நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுகிறார்கள்: ரோபோட்டிக்ஸ் அணியில் சேர, கணக்கிலும் அறிவியலிலும் 90க்கு மேல் எடுத்திருக்க வேண்டும். ஏன் என்று கேட்டால், "படிக்கிற பிள்ளைங்கதானே சார் ரோபோ செய்ய முடியும்?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள். பெற்றோரும் ஆமோதிப்பார்கள். போட்டி விதிகளை ஒருமுறை புரட்டியிருந்தால் இந்த நோட்டீஸை யாரும் ஒட்டியிருக்க மாட்டார்கள்.

ஃபர்ஸ்ட் லெகோ லீக் என்ற ரோபோட்டிக்ஸ் போட்டியையே எடுத்துக்கொள்வோம். அதில் ரோபோ மேசைமேல் ஓடுவது இரண்டரை நிமிடம். அந்த ஓட்டத்துக்குக் கால் பங்கு மதிப்பு. ரோபோவை ஏன் இப்படிக் கட்டினோம் என்று நடுவர்களுக்கு விளக்குவதற்கு இன்னொரு கால் பங்கு. மீதிப் பாதிக்கும் ரோபோவுக்கும் அதிக சம்பந்தமில்லை: ஒரு பிரச்சினையை ஆராய்ந்து தீர்வு சொல்ல வேண்டும்; ஓர் அணியாக எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதையும் பார்ப்பார்கள். 2023இல் கலை, 2024இல் கடல், 2025இல் தொல்லியல் என்று ஆண்டுக்கொரு கரு. கீழடியைப் பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடிய பிள்ளையைக் கணக்கில் 45 என்று வெளியே நிறுத்திவிட்டு, தொல்லியல் புராஜெக்டை யாரை வைத்துச் செய்வார்கள்? கூகுளை வைத்துத்தான்.

சரி, ரோபோவுக்காவது சென்டம் வேண்டுமா? சக்கரத்தின் விட்டம் 5.6 செ.மீ. என்றால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 17.6 செ.மீ. நகரும். ஏழாம் வகுப்புக் கணக்கு. திண்டாட்டம் வேறு இடத்தில் இருக்கிறது. கிளம்பும்போது ரோபோ 2 டிகிரி கோணலாக நின்றால், ஒரு மீட்டர் போவதற்குள் மூன்றரை சென்டிமீட்டர் விலகிவிடும். தூக்க வேண்டிய கொக்கி ரோபோவின் கையில் சிக்காது. கேரம் ஆடுகிறவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ரோபோவைப் பின்னால் ஓட்டி, மேசைச் சுவரில் முதுகை முட்டவைத்து நேராக்கலாம் என்பது புரோகிராமைவிடக் கண்ணுக்கும் கைக்கும் முதலில் தோன்றுகிற யோசனை. சக்கரத்தில் தூசி ஒட்டி வழுக்குகிறது என்று கண்டுபிடிக்க, பத்தாவது தடவையும் சலிக்காமல் குனிந்து பார்க்கிற ஒரு பிள்ளை வேண்டும். அந்தப் பொறுமைக்கு எந்தப் பரீட்சையிலும் மார்க் போடுவதில்லை.

'எல்லாரையும் சேர்க்கிறோமே' என்று சொல்லும் பள்ளிகளும் உண்டு. அங்கே கையெழுத்து அழகாக இருக்கும் பெண்களைச் சார்ட் எழுத உட்காரவைப்பார்கள். ஸ்க்ரூடிரைவர் பையன்கள் கையைவிட்டு நகராது. இதற்குப் பெயர் சேர்ப்பது அல்ல.

முதல் ரேங்க்காரர்களை மட்டும் பொறுக்கிக் கட்டிய அணி அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது என்ன ஆகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஸ்பெஷல் கிளாஸ், டியூஷன் என்று ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வார்கள். "ரோபோ அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் சார்" என்று அப்பா வந்து கையெழுத்துப் போட்டு அழைத்துப்போவார். பாதி கட்டிய வண்டி லேப் அலமாரியில் கிடக்கும். நோட்டீஸைப் படித்துவிட்டு ஜூன் மாதமே திரும்பிப் போனவர்களை அப்போது போய்க் கூப்பிட முடியுமா?